பொழுதுபோக்கா, வியாபாரமா?
அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்

தம்மிடமுள்ள பழைய பொருளை ஒருவர் விற்பதனால் அவர் வியாபாரி ஆகிவிடுவதில்லை. பழைய சைக்கிளை அயல் வீட்டாருக்கு விற்றவரைச் சைக்கிள் வியாபாரி என்று யாரும் அழைப்பதில்லை. கறவை வற்றிய பசுவை விற்றவரை மாட்டுத் தரகர் என்றும் சொல்வதில்லை. ஆனால் அதே மனிதர் வாரந்தோறும் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, துடைத்து, எண்ணெயிட்டு, பத்து வெள்ளி கூட்டி விற்பாராயின், சில மாதங்களில் ஊரார் அவரை வியாபாரி என்றே கொள்வர். எத்தனையாவது சைக்கிளோடு அவர் வியாபாரி ஆனார் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. விற்கும் பொருள் சைக்கிளாக இருக்கும்வரை இந்தக் கேள்வியினால் எவருக்கும் பெருந்தீங்கு இல்லை. அப்பொருள் துப்பாக்கியாக இருந்தால் என் செய்வது?

இக்கேள்வியைச் சட்டசபையிலும் கோர்ட்டிலும் சந்தையிலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆங்கே துப்பாக்கி வாங்குவதும், சேர்ப்பதும், மாற்றிக்கொள்வதும், விற்பதும் எண்ணற்ற சாதாரண மக்களின் பொழுதுபோக்காகும். தபால் தலை சேர்ப்போரைப் போலவும், பழங்காசு சேர்ப்போரைப் போலவும் அவர்கள் தம்மைக் கருதுகின்றனர். வியாபாரியாயின் லைசென்சு எடுக்க வேண்டும், பொழுதுபோக்குக்காரராயின் வேண்டியதில்லை. இவ்விருவருக்கும் நடுவே கோடு எங்கே என்பதே வழக்கு. அந்தக் கோடு எப்போது கிழிக்கப்பட்டது, எப்படி மங்கியது, மறுபடியும் எவ்வாறு வரையப்பட்டது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு டாலர் லைசென்சு

துப்பாக்கி அமெரிக்கர் வாழ்வில் எவ்வளவு ஊறிப்போனது என்பதை நம்மவர் எளிதில் உணர முடியாது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் இரண்டாம் திருத்தம் 1791-ம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசியல் சாசனத்தில் இடம் பெற்றது. 2018-ம் ஆண்டில் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீட்டின்படி, அந்நாட்டுப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. அதாவது, பச்சைக் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மீதி நிற்கும்.

இவ்வளவு துப்பாக்கிகள் புழங்கும் நாட்டில், அவற்றை விற்போர் யார் என்று மத்திய அரசாங்கம் கேட்கத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டில்தான். 1927-ம் ஆண்டில் கைத்துப்பாக்கிகளை அரசாங்கத் தபாலில் அனுப்பலாகாது என்று ஒரு சட்டம் பிறந்தது. ஆனால் தனியார் பார்சல் கம்பெனிகள் மூலம் அனுப்புவதை அது தடுக்கவில்லை. மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டத்தாரின் அட்டூழியம் மிகுந்து, 1929-ம் ஆண்டு பிப்ரவரி 14-ம் நாள் சிக்காகோ நகரில் எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்ட பின் நாடே திடுக்கிட்டது. 1934-ம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிகளின் மீதும், குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கிகளின் மீதும் 200 டாலர் வரி விதித்தது.

வியாபாரிக்கு லைசென்சு என்ற ஏற்பாடு 1938-ம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. மாநில எல்லை தாண்டித் துப்பாக்கி விற்போர் லைசென்சு எடுக்க வேண்டும். விற்றவற்றுக்குக் கணக்கு வைக்க வேண்டும். கொடுங்குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டவர்க்கு விற்கலாகாது. லைசென்சுக் கட்டணமோ ஆண்டுக்கு ஒரே ஒரு டாலர். கடை இருக்கிறதா, வியாபாரம் நடக்கிறதா என்று ஆராயும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆகவே, துப்பாக்கிப் பிரியர் பலர் மொத்த விலைக்குச் சரக்கு வாங்கும் வசதிக்காகவே அந்த ஒரு டாலரைக் கட்டி லைசென்சு பெற்றனர். அக்காலத்தில் பொழுதுபோக்குக்காரருக்கும் வியாபாரிக்கும் இருந்த வேற்றுமை ஒரு டாலர் வேற்றுமைதான்.

தபாலில் வந்த துப்பாக்கி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பல நாட்டு இராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்து இறங்கின. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் பார்சலில் வீடு வந்து சேரும். பழைய இராணுவத் துப்பாக்கியை மலிவாக வாங்கி, மரக்கட்டையைச் செதுக்கி மெருகிட்டு, குழலைச் சுத்தம் செய்து, வேட்டைக்கு உகந்ததாக மாற்றுவது ஒரு கைத்தொழிற் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. அவ்வாறு செப்பனிட்டதை விற்று, அந்தப் பணத்தில் வேறொன்று வாங்குவர். பத்து வாங்கி மூன்றை வைத்துக்கொண்டு ஏழை விற்பது, எந்தப் பொருளைச் சேர்ப்பவருக்கும் இயல்பான வழக்கமே. தபால் தலை சேர்ப்பவரும் அதையே செய்கின்றார்.

இந்தத் தபால் வழியின் ஆபத்தை உலகுக்குக் காட்டியது ஒரு கொலை. 1963-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிக்காகோவிலுள்ள ஒரு கடைக்கு விளம்பரத் துண்டோடு மணியார்டர் வந்தது. கேட்டிருந்த பொருள், இத்தாலிய இராணுவம் கழித்த ஒரு ரைபிள். தூரக்கண்ணாடியோடு விலை 19 டாலர் 95 காசு. அனுப்பும் செலவு 1 டாலர் 50 காசு. வாங்கியவரின் பெயர் ஏ. ஹைடல் என்றிருந்தது. அது பொய்ப்பெயர், வாங்கியவன் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22-ம் நாள் டல்லஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி அந்தத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கனெக்டிகட் மாநிலத்துச் செனட்டர் தாமஸ் டாட் என்பவர், தபால் மூலம் துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கென்னடி மரணத்துக்கு முன்பே கொண்டுவந்திருந்தார். ஒரு ஜனாதிபதி மாண்ட பின்னும் அம்மசோதா ஐந்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1968-ம் ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் செனட்டர் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். அதன் பிறகே, அவ்வாண்டு அக்டோபர் 22-ம் நாள், ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

இச்சட்டம் தபால் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் பொதுமக்களுக்குத் துப்பாக்கி அனுப்புவதை நிறுத்தியது. துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் பொறிக்கச் செய்தது. வியாபாரியின் லைசென்சுக் கட்டணத்தைப் பத்து டாலராக உயர்த்தியது. பழம்பொருளாக மதிக்கத்தக்க துப்பாக்கிகளைச் சேர்ப்போருக்கென்று தனி லைசென்சு ஒன்றையும் ஏற்படுத்தியது. சேகரிப்போர் லைசென்சு பெற்றவர் வெளிமாநிலத்திலிருந்தும் பழைய துப்பாக்கிகளை வருவிக்கலாம். ஆனால் வந்ததும் போனதும் கணக்கில் ஏற வேண்டும். அந்த லைசென்சைக் காட்டி வியாபாரம் செய்யலாகாது.

சொல்லாமல் விட்ட சொல்

இத்தனை செய்த சட்டம் ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டது. துப்பாக்கி வியாபாரத்தில் ஈடுபட்டவன் லைசென்சு எடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டதே ஒழிய, ஈடுபடுவது என்றால் என்ன என்று அது சொல்லவில்லை. ஆண்டுக்கு மூன்று விற்றால் வியாபாரமா, முப்பது விற்றால் வியாபாரமா? இலாபம் வந்தால்தான் வியாபாரமா, நஷ்டம் வந்தாலும் வியாபாரமா? ஒவ்வொரு வழக்கிலும் அதனதன் சங்கதிகளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்று கோர்ட்டுகள் கூறிவந்தன.

இதனால் இரு சாராருக்கும் மனக்குறை உண்டாயிற்று. வாரக் கடைசியில் மண்டபங்களில் கூடும் துப்பாக்கிச் சந்தைகளில் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வாங்குவோரைப் போல நின்று, மேசை போட்டிருந்தவர்களிடம் ஒன்றிரண்டு வாங்கி, பின்னர் அவர்கள் மீதே வழக்குத் தொடுக்கின்றனர் என்று சேகரிப்போர் புகார் செய்தனர். 1982-ம் ஆண்டில் செனட் சபையின் ஓர் உபகமிட்டி இப்புகார்களை ஆராய்ந்து, உத்தியோகஸ்தரைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. மறுபுறம், ஒவ்வொரு வாரமும் அதே மண்டபத்தில் அதே மேசையில் புதுப்புதுத் துப்பாக்கிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, “இவை என் சொந்தச் சேகரம்” என்று சொல்பவரும் இருக்கத்தான் செய்தனர். யோக்கியனுக்கும் அயோக்கியனுக்கும் ஒரே விடைதான் வாயில் இருந்தது. உத்தியோகஸ்தர் எவ்வாறு பிரித்தறிவர்?

1986-ம் ஆண்டின் இலக்கணம்

இக்குறையைத் தீர்க்க வேண்டும் என்று செனட்டர் மக்ளூரும் பிரதிநிதி வோல்க்மரும் கொண்டுவந்த மசோதாவில் 1986-ம் ஆண்டு மே 19-ம் நாள் ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்டார். அச்சட்டத்தில்தான் வியாபாரி என்பதற்கு முதல் முறையாக இலக்கணம் வகுக்கப்பட்டது. அதன் சாரம் வருமாறு: துப்பாக்கிகளைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்பதன் மூலம் ஜீவனமும் இலாபமும் அடைவதைப் பிரதான நோக்கமாகக் கொண்டு, அதில் தன் காலத்தையும் கவனத்தையும் உழைப்பையும் ஒழுங்காகச் செலுத்துபவன் வியாபாரி ஆவான். தன் சேகரத்தை விருத்தி செய்துகொள்ளவோ, பொழுதுபோக்குக்காகவோ எப்போதாவது வாங்குபவனும் விற்பவனும் மாற்றுபவனும், தன் சொந்தச் சேகரத்தை முழுவதாகவோ பகுதியாகவோ விற்பவனும் வியாபாரி ஆகான்.

இந்த இலக்கணத்தைச் சற்று ஊன்றி நோக்குவோம். இதில் எண்ணிக்கை கிடையாது. ஐந்துக்கு மேல் விற்றால் வியாபாரம், பத்துக்கு மேல் விற்றால் வியாபாரம் என்ற வரம்பு ஏதுமில்லை. உள்ளதெல்லாம் நோக்கம் ஒன்றே. அந்நோக்கமோ ஜீவனம், இலாபம் என்ற இரண்டு சொற்களின் மீது நிற்கின்றது. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஆண்டுக்கு ஐம்பது துப்பாக்கிகளை விற்றாலும், “என் ஜீவனம் என் சம்பளத்தில் நடக்கின்றது, இது வெறும் பொழுதுபோக்கு” என்று வாதிக்க இடமிருந்தது. எல்லாக் கோர்ட்டும் அவ்வாதத்தை ஏற்றதாகச் சொல்ல முடியாது. ஆயினும் வழக்குத் தொடுப்போர் ஒரு மனிதனின் உள்ளத்தைத் திறந்து சாட்சியமாக வைக்க வேண்டியதாயிற்று. செயலை நிரூபிப்பது எளிது. நோக்கத்தை நிரூபிப்பது அரிது.

பொழுதுபோக்குக்காரரின் நியாயத்தையும் நாம் மறுத்தல் ஆகாது. தந்தை இறந்தபின் அவர் வைத்திருந்த இருபது வேட்டைத் துப்பாக்கிகளை விற்கும் மகனை வியாபாரி என்று கூண்டில் ஏற்றுவது அநீதி. ஒரு யுத்தகாலத்துத் துப்பாக்கிகளையே தேடிச் சேர்த்து, நல்லது கிடைத்தபோது குறையுள்ளதை விற்றுவிடும் சரித்திரப் பிரியரைக் குற்றவாளி ஆக்குவதும் அநீதி. அத்தகையோரைக் காப்பாற்றவே அவ்விலக்கணம் வகுக்கப்பட்டது. ஆனால் அவர்களுக்காகத் திறந்த கதவின் வழியே வேறு யார் யார் நுழைந்தனர் என்பதே பிந்திய சரித்திரம்.

சமையலறை மேசைக் கடைகள்

லைசென்சு மலிவாக இருந்தமையால் அதை எடுத்தோர் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. 1975-ம் ஆண்டில் எல்லா வகைத் துப்பாக்கி லைசென்சுகளும் சேர்ந்து ஏறத்தாழ 1 இலட்சத்து 62 ஆயிரம். 1992-ம் ஆண்டில் 2 இலட்சத்து 84 ஆயிரம். இவர்களில் பெரும்பாலோருக்குக் கடை கிடையாது. வீட்டுச் சமையலறை மேசையே கடை. நண்பரும் உறவினருமே வாடிக்கைக்காரர். “சமையலறை மேசை வியாபாரிகள்” என்று அமெரிக்கர் இவர்களை அழைத்தனர். உண்மையில் இவர்கள் லைசென்சு வைத்திருந்த பொழுதுபோக்குக்காரர்களே.

இத்தனை பேரைச் சோதிப்பதற்குப் போதிய உத்தியோகஸ்தர் இல்லை. லைசென்சை வைத்துக்கொண்டு கணக்கின்றி விற்போரும் அவர்களிடையே இருந்தனர். ஆகவே அரசாங்கம் வடிகட்டத் தொடங்கியது. 1993-ம் ஆண்டில் புதிய லைசென்சுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 200 டாலர் என்று கட்டணம் உயர்ந்தது. 1994-ம் ஆண்டில் புகைப்படமும் கைரேகையும் கேட்கப்பட்டன. உள்ளூர்ச் சட்டங்களுக்கு இணங்கித் தொழில் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. பல ஊர்களில் குடியிருப்பு வீட்டில் துப்பாக்கிக் கடை வைக்க அனுமதி இல்லை. விளைவு யாதெனில், 1997-ம் ஆண்டில் லைசென்சுகளின் தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 7 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றே முக்கால் இலட்சம் லைசென்சுகள் மறைந்தன.

லைசென்சு மறைந்ததே ஒழிய, அதை வைத்திருந்த மனிதரோ, அவர்தம் துப்பாக்கிப் பற்றோ மறையவில்லை. அவர்களுள் வாங்கி விற்பதைத் தொடர்ந்தவர் இனிமேல் பொழுதுபோக்குக்காரராகவே தொடர வேண்டியவராயினர். முன்பு பெயரளவிலேனும் அவர்களிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. இப்போது அதுவும் தேவைப்படவில்லை. சீர்திருத்தம் ஒரு நோக்கத்தோடு செய்யப்பட்டு, வேறொரு பலனையும் உடன் தந்த கதை இது.

இரண்டு வாயில்கள்

இதே காலத்தில் இன்னொரு பெரிய மாறுதலும் நிகழ்ந்தது. 1981-ம் ஆண்டு மார்ச்சு 30-ம் நாள் ஜனாதிபதி ரீகன் சுடப்பட்டபோது, அவருடைய பத்திரிகைக் காரியதரிசி ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டு பாய்ந்து ஆயுள் முழுதும் ஊனமுற்றார். அவர் பெயரால் 1993-ம் ஆண்டு நவம்பரில் பிராடி சட்டம் நிறைவேறி, 1994-ம் ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. கைத்துப்பாக்கி வாங்க வருபவன் குற்றவாளியா, துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவனா என்று விசாரித்த பின்பே வியாபாரி விற்க வேண்டும் என்பது அதன் சாரம். 1998-ம் ஆண்டு நவம்பர் முதல் எல்லா வகைத் துப்பாக்கிகளுக்கும் தொலைபேசி, கம்ப்யூட்டர் மூலம் உடனுக்குடன் விசாரிக்கும் ஏற்பாடு வந்தது.

இந்த விசாரணைக் கடமை லைசென்சு பெற்ற வியாபாரிக்கு மட்டுமே. லைசென்சு இல்லாத தனி மனிதர், தம் மாநிலத்தைச் சேர்ந்த இன்னொருவருக்கு விற்கும்போது மத்திய சட்டப்படி விசாரணை தேவையில்லை. வாங்குபவன் தடை செய்யப்பட்டவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது, சந்தேகிக்கத் தக்க காரணமும் இருக்கக் கூடாது, அவ்வளவே. 1994-ம் ஆண்டுக்கு முன் வியாபாரிக்கும் பொழுதுபோக்குக்காரருக்கும் இருந்த வேற்றுமை கட்டணமும் கணக்கும்தான். அதன் பின்னரோ, ஒரே சந்தைக்கு இரண்டு வாயில்கள் ஏற்பட்டன. ஒரு வாயிலில் காவற்காரன் நின்றான். மற்றொன்றில் எவரும் இல்லை. உள்ளே நுழைய முடியாதவன் எந்த வாயிலைத் தேடுவான் என்று சொல்லவும் வேண்டுமோ?

1999-ம் ஆண்டு ஏப்ரல் 20-ம் நாள் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாணவர்கள் பதின்மூவரைச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் பயன்படுத்திய நான்கு துப்பாக்கிகளில் மூன்று, சந்தையில் லைசென்சு இல்லாத தனி நபர்களிடம், வயது நிரம்பிய ஒரு தோழியின் மூலம் வாங்கப்பட்டவை. அடுத்த ஆண்டே கொலராடோ, ஓரிகன் ஆகிய இரு மாநிலங்களின் வாக்காளர்கள், சந்தையில் நடக்கும் எல்லா விற்பனைக்கும் விசாரணை வேண்டும் என்று வாக்களித்தனர்.

அறுந்துபோகும் கணக்கு

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய எனக்கு இச்சரித்திரத்தில் மிகவும் புலப்படுவது கணக்கின் சங்கதியே. எங்கள் ஸ்டோரில் ஓர் உர மூட்டை வந்தால், வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, எத்தேதியில் யாரிடம் கொடுக்கப்பட்டது, மீதி எத்தனை என்று நான்கு பத்தியில் எழுதுகின்றோம். மூட்டை ஒன்று காணாமற்போனால் புத்தகத்தைப் புரட்டி எந்த வரியில் தவறிற்று என்று கண்டுவிடலாம். அமெரிக்கத் துப்பாக்கி வியாபாரியின் புத்தகமும் அதே விதமானதுதான். வந்த நாள், வந்த இடம், துப்பாக்கியின் எண், போன நாள், வாங்கியவர் பெயர் ஆகியவை அதில் உள.

ஒரு கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜினியா மாநிலத்து மார்ட்டின்ஸ்பர்க் நகரிலுள்ள அரசாங்க நிலையம் அதன் தடத்தைத் தேடுகின்றது. துப்பாக்கி வைத்திருப்போர் பெயர்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டிய பதிவேடு அங்கே கிடையாது. அவ்வாறு திரட்டலாகாது என்று 1986-ம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கின்றது. ஆகவே, எண்ணை வைத்து உற்பத்தி செய்த கம்பெனியைக் கேட்டு, அது சுட்டும் மொத்த வியாபாரியைக் கேட்டு, அவர் சுட்டும் சில்லறைக் கடையைக் கேட்டு, கடைசியில் முதன்முதலாக வாங்கியவரின் பெயரை அடைகின்றனர். அவர் அதைப் பொழுதுபோக்குக்காக எவருக்கேனும் விற்றிருந்தால், பல மாநிலங்களில் தடம் அங்கேயே அறுந்துவிடும். ஸ்டோர் புத்தகத்தில் அதற்கு மேல் ஏடு இல்லை.

இந்த அறுந்த இடத்தையே பிழைப்பாகக் கொண்டோரும் தோன்றினர். 1998-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த ஒரு வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவன் ஒஹையோ மாநிலத்தில் பினாமிகளைக் கொண்டு கைத்துப்பாக்கிகளை வாங்கச் செய்து, எண்களை அராவி அழித்துவிடுவதாக அவர்களுக்கு உறுதி கூறி, நியூயார்க்கின் புரூக்ளின் தெருமுனைகளில் விற்றான். லைசென்சுச் சட்டம் எனக்குத் தெரியாது என்பது அவன் வாதம். தான் செய்வது சட்டவிரோதம் என்று அறிந்திருந்தாலே போதும், எந்தச் சட்டம் என்று அறிந்திருக்க வேண்டுவதில்லை என்று கோர்ட்டு தீர்த்தது. 2014-ம் ஆண்டில் வேறொரு வழக்கு வந்தது. அதில் ஒருவர் தம் மாமாவுக்காக, தாமே வாங்குவதாகப் பாரத்தில் எழுதிக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவரே. எனினும், உண்மையில் வாங்குபவர் யார் என்பதில் பொய் கூறியது குற்றமே என்று ஐந்து நீதிபதிகளும், குற்றமன்று என்று நால்வரும் கூறினர். ஒரே ஒரு நீதிபதியால் தீர்ந்த வழக்கு அது. படித்த நீதிபதிகளே இவ்வாறு இருகூறாகப் பிரியும் விஷயத்தில் பாமரன் திகைப்பதில் வியப்பென்ன?

மாறிய ஒரு சொல்

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ம் நாள் டெக்ஸாஸ் மாநிலத்து மிட்லண்ட், ஒடெஸ்ஸா நகரங்களில் ஒருவன் காரில் சென்றவாறே சுட்டு எழுவரைக் கொன்றான். 2014-ம் ஆண்டில் அவன் ஒரு கடையில் துப்பாக்கி வாங்க முயன்று, விசாரணையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டவன். 2016-ம் ஆண்டில் அவன் லைசென்சு இல்லாத ஒரு தனி மனிதரிடம் ரைபிள் வாங்கினான். முதல் வாயிலில் தடுக்கப்பட்டவன் இரண்டாம் வாயிலில் நுழைந்தான். விற்றவர் வியாபாரமாகவே விற்றுவந்தவர் என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2021-ம் ஆண்டில் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தண்டனை வந்தது உண்மை. எழுவர் மாண்ட பின் வந்தது என்பதும் உண்மை.

2022-ம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரக் கடையொன்றில் பதின்மரும், டெக்ஸாஸ் மாநிலத்து உவால்டி பள்ளிக்கூடத்தில் இருபத்தொருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடு கொதித்தெழுந்தது. இரு கட்சியாரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டத்தில் ஜூன் 25-ம் நாள் ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்டார். அதில்தான் 1986-ம் ஆண்டின் இலக்கணம் திருத்தப்பட்டது. ஜீவனமும் இலாபமும் என்று இருந்த இடத்தில் ஜீவனம் நீங்கிற்று. பெரும்பாலும் இலாபம் ஈட்டும் நோக்கம் இருந்தாலே போதும் என்றாயிற்று. சம்பளக்காரர் இனிமேல் தம் சம்பளத்தைக் காட்டித் தப்ப முடியாது. பினாமியாக வாங்குவதும் தனிக் குற்றமாக்கப்பட்டது. ஆனால் சேகரத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் எப்போதாவது விற்பவருக்கு இருந்த விலக்கு அப்படியே நின்றது.

திருத்தத்தை விளக்கும் விதிகளை அரசாங்கம் 2024-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்டு, மே 20-ம் நாள் அமலுக்குக் கொண்டுவந்தது. பெட்டி பிரிக்காத புதுத் துப்பாக்கிகளைத் திரும்பத் திரும்ப விற்பது போன்ற செயல்கள் இருந்தால், லைசென்சு சம்பந்தமான நடவடிக்கைகளில் வியாபாரம் என்றே அனுமானிக்கலாம் என்று அவை கூறின. டெக்ஸாஸ் முதலிய சில மாநிலங்கள் வழக்காடிக் கோர்ட்டுத் தடை பெற்றன. 2025-ம் ஆண்டில் ஆட்சி மாறியதும், அவ்விதிகள் மறுபரிசீலனைக்கு எடுக்கப்பட்டன. கோடு மறுபடியும் விவாதத்திற்கு வந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டில் இந்த வழக்கு எழ இடமில்லை. மலேசியாவில் 1960-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவனே லைசென்சு பெற வேண்டும். சட்டம் இங்கே பொருளையும் அதை வைத்திருப்பவனையும் பின்தொடர்கின்றது. விற்பவன் உள்ளத்தைத் துருவிப் பார்க்கத் தேவை நேர்வதில்லை.

ஆயினும் பொழுதுபோக்கு எங்கே முடிகின்றது, தொழில் எங்கே தொடங்குகின்றது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. சம்பள நாளுக்கு முன் கைமாற்றுக் கொடுக்கும் நண்பருக்கும், வட்டித் தொழில் நடத்துபவருக்கும் உள்ள வேற்றுமை என்ன என்று தோட்டத்திலும் டவுனிலும் கேட்காதவர் உண்டோ? 1951-ம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டத்தின் கீழும் இதே தகராறு நெடுங்காலம் நடந்தது. “நான் எப்போதாவது உதவிக்குக் கொடுப்பவன்” என்பதே அங்கும் விடை. 2011-ம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்ததாக நிரூபித்தாலும் வட்டித் தொழில் நடத்துவதாக அனுமானிக்கலாம். அன்று என்று காட்டுவது கொடுத்தவன் பொறுப்பு என்றாயிற்று. உள்ளத்தைத் தேடி அலுத்த சட்டம் இறுதியில் செயலைப் பற்றிக்கொண்டது.

அமெரிக்காவிலும் சில மாநிலங்கள் இவ்வழியே சென்றுவிட்டன. கலிபோர்னியாவில் 1991-ம் ஆண்டு முதல் தனி மனிதர் இருவர் தமக்குள் துப்பாக்கி விற்பதாயினும், லைசென்சு பெற்ற வியாபாரியிடம் சென்று அவர் முன்னிலையில், விசாரணையோடும் கணக்கோடும் கைமாற்ற வேண்டும். கொலராடோ 2013-ம் ஆண்டிலும், வாஷிங்டன் மாநிலம் 2014-ம் ஆண்டில் மக்கள் வாக்கின் மூலமும், எல்லா விற்பனைக்கும் விசாரணை வேண்டும் என்று விதித்தன. இம்மாநிலங்களில் சேகரிப்பவர் சேகரிக்கலாம், செப்பனிடலாம், விற்கலாம், மாற்றலாம். அவர் பொழுதுபோக்குக்காரரா, வியாபாரியா என்று எவரும் தீர்த்துவைத்த பின்தான் வாங்குபவனை விசாரிக்க வேண்டும் என்பதில்லை. நாட்டுப்புறத்தில் கடை வெகு தூரம், அண்டை வீட்டானுக்கு விற்கவும் அலைய வேண்டுமா, கணக்கு வைத்தால் நாளை அரசாங்கம் பறித்துக்கொள்ளுமே என்றெல்லாம் எதிர்ப்போர் சொல்கின்றனர். அச்சம் அவர்களுக்கு உண்மையானதே. ஆனால் அரை நாள் அலைச்சலையும், எழுவரின் உயிரையும் தராசின் இரு தட்டுகளில் இட்டால் எது தாழும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்ப்பார்களாக.

சுருங்கக் கூறின், 1938-ம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டம் விற்பவனைப் பார்த்து, நீ யார், எதற்காக விற்கின்றாய் என்று கேட்டுவந்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, யாருக்கு விற்றாய், அதை எங்கே எழுதிவைத்தாய் என்பதாகும். ஆசைக்காக விற்ற துப்பாக்கிக்கும் காசுக்காக விற்ற துப்பாக்கிக்கும் குண்டு ஒன்றே. யோக்கியமான சேகரிப்பாளர் இக்கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. தம் சேகரத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு வைத்திருப்பதே நல்ல சேகரிப்பாளரின் பெருமையன்றோ? அந்தக் கணக்கில் விற்ற வரியையும் சேர்த்து எழுதச் சொல்வது எந்தப் பொழுதுபோக்கையும் கெடுத்துவிடாது.